ஒன்றும் முளைக்காத தட்டு

"இதுதான் மேடம் அந்தக் கை," என்று செந்தில்நாதன் ஒரு பிளாஸ்டிக் தட்டை மேஜையில் வைத்தான்.

உள்ளங்கை அகலத்தில் வட்டமான தட்டு. உள்ளே உறைந்த கஞ்சி மாதிரி ஒரு பசை. ஐந்து விரல் நுனிகள் பட்ட ஐந்து இடங்களிலும் தங்க நிறப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக முளைத்திருந்தன. மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் 'பாப்பாத்தி' என்று எழுதியிருந்தது.

"பார்க்க அழகா இருக்கு. கேசரி மேல தூவலாம் போல," என்றான் மதன்.

"தூவினா என்ன ஆகும்னு போன ஞாயித்துக்கிழமை பாத்தாச்சு," என்றாள் உமாதேவி.

பல வருடங்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி, தூங்கும் முகங்களைப் பார்த்து அலுத்துத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள் உமாதேவி. மதன் அவளுக்கு உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டி, வாய்க்கொழுப்புக்குத் தனிப் பொறுப்பாளன். இருவரும் இப்போது மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்த செந்தில்நாதனின் லேபில் நின்றிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது ஊருக்கே தெரியும். ரயில்வேயில் ஓய்வு பெற்ற சீனிவாசனுக்கு எழுபது வயது நிறைந்த விழா. மதியம் விருந்து. பால்பேடா சாப்பிட்டவர்கள் எல்லாரும் மாலைக்குள் வாந்தி எடுத்தார்கள். மற்றவர்கள் மறுநாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சீனிவாசனின் பலவீனமான இதயம் அதைத் தாங்கவில்லை. விடிவதற்குள் அவர் இறந்துபோனார்.

சமையல் காண்ட்ராக்ட் எடுத்தவள் திரிபுரசுந்தரி, சுருக்கமாகச் சுந்தரி. யார் கையிலிருந்து கிருமி வந்தது என்று கண்டுபிடிக்க, செவ்வாய்க்கிழமை அவளே செந்தில்நாதனைத் தன் சமையற்கட்டுக்கு வரவழைத்தாள். அங்கே வேலை செய்கிறவர்கள் கை கழுவிவிட்டு ஆளுக்கொரு தட்டில் விரல்களை அழுத்தினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு கிருமியும் அந்தப் பசையைத் தின்று, பெருகி, ஒரு புள்ளியாகத் தெரியும். பாத்திரம் தேய்க்கும் பாப்பாத்தியின் தட்டில் தங்கப் புள்ளிகள் தெரிந்தன. சீனிவாசனின் மகள் ஸ்மிதா அந்தத் தட்டின் போட்டோவைப் பார்த்ததும், பாப்பாத்தியின் காதோரம் அறைந்தாள். காதில் இருந்த தோடு வளைந்துவிட்டது.

இன்றைக்கு நாலு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாத்தியைக் கூட்டிப் போகப்போகிறார். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த வழக்கு. ஸ்மிதா காலையில் உமாதேவியின் ஆபீசில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னது இதுதான்:

"யார்னு கண்டுபிடிக்க வேண்டாம் மேடம். அது தெரிஞ்சாச்சு. அவ வெளிய வரமுடியாத மாதிரி ஒரு ரிப்போர்ட் போதும்."

"மத்த தட்டெல்லாம் எங்கே?" என்று உமாதேவி இப்போது கேட்டாள்.

செந்தில்நாதன் தலையைச் சொறிந்தான். "ஃப்ரிட்ஜ்ல இருக்கு. ஆனா சுந்தரியம்மா இந்த ஒண்ணோட போட்டோ மட்டும் போதும்னாங்க."

"எனக்குப் போதாது."

மூன்று தட்டுகள் வந்தன. தலைமைச் சமையல்காரர் கிச்சாவின் தட்டில் வெள்ளைப் புள்ளிகள், நடுவே கொஞ்சம் தங்கம். மூட்டை தூக்கும் மல்லப்பன் தட்டில் வெள்ளை மட்டும், ஆனால் தாராளமாக. மூன்றாவது தட்டில் எதுவுமே இல்லை. பசை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. மூடியில் 'சுந்தரி' என்று எழுதியிருந்தது.

மதன் விசில் அடித்தான். "முதலாளின்னா இப்படி இருக்கணும். விரல்ல கிருமிகூடக் கேட்காம ஏறாது."

உமாதேவி சிரிக்கவில்லை. அந்தத் தட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தாள். பசை மிருதுவானது. விரலை அழுத்தினால், எதுவும் முளைக்காவிட்டாலும் லேசான பள்ளம் விழும். அவள் பள்ளங்களை எண்ணினாள். கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். ஆள்காட்டி விரல் பட வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

"நாலுதான்," என்றாள்.

"ஒண்ணு அழுத்த மறந்திருப்பாங்க," என்றான் செந்தில்நாதன். "நான் அப்போ மல்லப்பனோட தட்டை மூடிக்கிட்டிருந்தேன்."

"ஐஞ்சு விரலையும் வைன்னா நாலை மட்டும் வைக்கறது மறதி இல்ல. அதுக்குத் தனியா மெனக்கெடணும். ஒரு விரலை மடக்கிப் பாருங்க, தெரியும்." தட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். "செந்தில், சாதா சோப்பு போட்டுக் கழுவின கையில இப்படி ஒண்ணுமே முளைக்காத தட்டை நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

அவன் யோசித்தான். "இல்ல மேடம். என் கையையே வெச்சுப் பாத்திருக்கேன், ஏதாவது வந்துடும். ஆனா சுந்தரியம்மா ரொம்ப ஆசாரம். அதான்னு நினைச்சேன்."

"கிருமி ஆசாரம் பாக்காது," என்று படியிறங்கினாள் உமாதேவி.

சந்தில் ஒரு வெங்காய லாரி குறுக்கே நின்றிருந்தது. ஸ்கூட்டர் நகரவில்லை. மதன் திரும்பிப் பார்த்தான்.

"மேடம், வண்டி கிளம்பறதுக்குள்ள புரிய வைங்க. சோப்பு போட்டா கிருமி செத்துடும்தானே?"

உமாதேவிக்கு இந்தக் கேள்வி போதும். முகம் மலர்ந்துவிட்டது.

"பெரும்பாலும் சாகாது. சோப்போட ஒவ்வொரு துகளுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணி பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். உன் தோல்ல எப்பவும் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், கிருமி அதுலதான் ஒட்டியிருக்கும். வால் போய்ப் பிசுக்கைக் கவ்வும், தலை தண்ணியைப் பிடிக்கும். தண்ணியை ஊத்தினா மொத்தமாக் கழண்டு சாக்கடைக்குப் போயிடும். சில கிருமி மேல கொழுப்பால ஒரு சட்டை இருக்கும். அதை மட்டும் சோப்பு கிழிச்சுக் கொன்னுடும்."

"அப்போ மிச்சதுக்கெல்லாம் சாவு இல்ல, ஊரைவிட்டு வெளியேத்தறதுதான்."

"அதுவும் வழிப்போக்கனை மட்டும். நீ எதையாவது தொட்டு ஒட்டிக்கிட்டு வந்தது போயிடும். தோலோட மடிப்புல காலங்காலமாக் குடியிருக்கறது போகாது. அதனாலதான் கழுவின கையிலயும் கொஞ்சம் முளைக்கும். முளைக்கணும்."

"நான் கிருமி நாசினி சோப்பு வாங்கறேன் மேடம். விளம்பரத்துல டாக்டர் கோட்டு போட்டவர் சொன்னார்."

"நீ கை கழுவற அவசரத்துல, சாதா சோப்பு செய்யற வேலையைத்தான் அதுவும் செய்யும்."

"அப்போ நான் கூடக் குடுத்த காசு?"

"கோட்டுக்கு."

லாரி நகர்ந்தது. உமாதேவி அவன் காதருகே குனிந்து சொன்னாள்: "ஆனா ஒண்ணு இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டருங்க கழுவுற ரோஸ் கலர் மருந்து. அது கொல்லும். கழுவின பிறகும் தோல்ல ஒட்டிக்கிட்டு மணிக்கணக்காக் கொன்னுக்கிட்டே இருக்கும். அந்த விரலைத் தட்டுல வெச்சா மருந்தும் பசையில இறங்கிடும். அப்புறம் அங்க ஒரு புள்ளியும் முளைக்காது."

"சமையல் காண்ட்ராக்ட் எடுக்கற அம்மாவுக்கு ஆபரேஷன் மருந்து எதுக்கு?"

"அதைத்தான் கேட்கப் போறோம்."

சுந்தரியின் சமையற்கட்டு வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் இருந்தது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கான்ஸ்டபிள் சித்தம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில், கொல்லைக் குழாயோரம் பாப்பாத்தி குந்தியிருந்தாள். கோபிநத்தம் கிராமத்துக்காரி. நாற்பது வயது. காது இன்னும் வீங்கியிருந்தது.

உள்ளே தொட்டியின் மேல் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் சந்தன சோப்பு இருந்தது. கொல்லைக் குழாயடியில், துணி சோப்பைக் கத்தியால் வெட்டிய ஒரு துண்டு, ஓட்டுச்சில்லின் மேல் கிடந்தது.

"இது யாருக்கு?" என்று மதன் கேட்டான்.

"எனக்குங்க," என்றாள் பாப்பாத்தி. "உள்ள சோப்பைத் தொட்டா அம்மா திட்டுவாங்க."

"வாங்கோ," என்று சுந்தரி காபித் தம்ளர்களோடு வந்தாள். பட்டுக்கரை போட்ட புடவை, ஈரக் கொண்டை. பத்து விரல் நுனிகளிலும் மருதாணித் தொப்பி கருஞ்சிவப்பாகப் பற்றியிருந்தது. அவளுக்குப் பின்னால் ஸ்மிதா, மணிக்கட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

"ரிப்போர்ட் ரெடியா மேடம்? இன்ஸ்பெக்டர் வர்ற நேரம் ஆயிடுத்து."

"கிட்டத்தட்ட ரெடி. சுந்தரியம்மா, பேடாவைப் பாப்பாத்தி எப்போ தொட்டா?"

"சனிக்கிழமை சாயந்திரம். நான் பிடிச்சு அடுக்கிட்டு அந்தண்டை போனேன். இவ உள்ள வந்து இலையைப் போட்டு மூடினதா மல்லப்பன் சொன்னான்."

"நான் உள்ளாற வரவே இல்லீங்க," என்றாள் பாப்பாத்தி தரையைப் பார்த்து.

"வாயை மூடு. மனுஷனைக் கொன்னுட்டு எதுத்து வேற பேசறயா," என்றாள் ஸ்மிதா.

உமாதேவி தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "மருதாணி என்னமாப் பத்தியிருக்கு. எங்க வீட்ல அரைச்சா ஆரஞ்சுதான் வரும். கையைக் காட்டுங்க."

சுந்தரி கூச்சத்தோடு இடது கையை நீட்டினாள்.

"அது வேண்டாம். வலது கை."

"சாவு சமைச்ச வாரத்துலேயே மருதாணி," என்று மதன் கூரையைப் பார்த்துச் சொன்னான். "கல்மனசுன்னு சொல்லமாட்டேன். கலை ஆர்வம்."

உமாதேவி அந்த வலது கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலைத் தடவினாள். நடுவிரலை, மோதிரவிரலை, சுண்டுவிரலைத் தடவினாள். பிறகு ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்தின் ஓரத்தில் தன் கட்டைவிரல் நகத்தை வைத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தினாள்.

சுந்தரி அலறினாள். தம்ளர் உருண்டு காபி தரையெல்லாம் ஓடியது. உமாதேவி விடவில்லை. மருதாணிச் சிவப்புக்கு அடியிலிருந்து, வேறொரு சிவப்பு கசிந்தது. அதற்குப் பின்னால் மஞ்சளாக ஒரு சொட்டு.

"நகச்சுத்து," என்றாள் உமாதேவி. "டாக்டர் கீறிவிட்டிருக்கார். வீக்கமும் வெட்டின தழும்பும் தெரியக்கூடாதுன்னு மருதாணி வெச்சீங்க. தட்டுல அழுத்தினா வலிக்கும்னு இந்த விரலை மட்டும் தூக்கிக்கிட்டீங்க."

சித்தம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "ஏனு மேடம் இது, என்ன ஆச்சு?"

"சொல்றேன் சித்தம்மா. சீழ்ல இருக்கறது இதே தங்கக் கிருமி, கோடிக்கணக்கா. இந்த விரலால பேடா பிடிச்சாங்க. ராத்திரி முழுக்க அது வெளியிலேயே இருந்தது. பாலும் சக்கரையும், கதகதப்பும். கிருமி தின்னு பெருகி, விஷத்தைக் கக்கி வெச்சுது. அந்த விஷம் கொதிக்க வெச்சாலும் போகாது. சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தி. எல்லாம் கணக்கா ஒத்துப்போகுது."

சுந்தரி விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். "நான் அலம்பிண்டுதான் பிடிச்சேன். சந்தன சோப்பு போட்டு, திரும்பத் திரும்ப அலம்பினேன். சத்தியமா."

"நம்பறேன். சோப்பு தோல் மேல இருக்கறதைத்தான் கழட்டும். நகத்துக்கு அடியில சீழ் இருந்தா உள்ள போகாது. நீங்க அலம்ப அலம்ப உள்ளேயிருந்து வந்துக்கிட்டே இருந்திருக்கும். அதுவரைக்கும் தெரியாம நடந்தது. அதுக்கப்புறம் செஞ்சீங்களே, அது தெரிஞ்சு செஞ்சது."

"என்ன செஞ்சா?" என்றாள் ஸ்மிதா.

"விருந்து முடிஞ்சு விரலைக் கீறினப்போ, அதைக் கழுவ டாக்டர் ரோஸ் மருந்து குடுத்தார். டெஸ்ட்டு வைக்கற யோசனை இவங்களோடது, அதனால எந்த நேரம்னு இவங்களுக்கு மட்டும் முன்னாலேயே தெரியும். சோப்புக்குப் பதிலா மருந்தைக் கை முழுக்கப் போட்டுக்கிட்டு வந்து உட்கார்ந்தாங்க. மத்தவங்க தட்டுல நல்லதோ கெட்டதோ ஏதோ ஒண்ணு முளைக்கும்னு தெரியும். அந்தத் தங்க நிறக் கிருமி நிறையப் பேர் மூக்குலயும் தோல்லயும் சும்மா இருக்கும். கிச்சா கையிலகூட இருந்தது. ஆனா கிச்சாவை மாட்டிவிட்டா சமைக்க ஆள் வேணுமே. அதனால பாப்பாத்தி. மல்லப்பன் பாத்ததாச் சொன்ன கதையும் அதுக்காகத்தான்."

உமாதேவிக்கு இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

"ஒரே ஒரு தப்பு பண்ணினீங்க. மருந்தைப் போட்ட பிறகு, அதோ அந்தச் சந்தன சோப்பை ஒரு தடவை தேய்ச்சிருக்கணும். சோப்பும் அந்த மருந்தும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு முறிச்சுடும். தோல்ல ஒட்டியிருக்கற மருந்துக்கு வேலை போயிடும். உங்க தட்டுலயும் எல்லார் மாதிரியும் கொஞ்சம் முளைச்சிருக்கும். நான் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

"மைசூர்ல பொறந்து, சந்தன சோப்பு போடாததால மாட்டின முதல் ஆள்," என்றான் மதன்.

பாப்பாத்தி மெதுவாகத் தலையைத் தூக்கினாள். "நகச்சுத்து இருந்தது எனக்குத் தெரியுமுங்க. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு நாந்தானுங்க விரல்ல மாட்டியுட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றாள் சித்தம்மா கோபமாக.

"அம்மாவுக்கு விரலு நொந்துச்சு. வாந்தி எடுத்தது வேற சனம். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு நான் என்னத்தைங்க கண்டேன்?" அவள் சுந்தரியின் பக்கம் திரும்பினாள். "இத்தனை வலியில நீங்க பிடிக்க வேண்டாம், நான் உருட்டித் தர்றனுங்கன்னுகூடக் கேட்டேன்."

சுந்தரி சிரித்தாள். அழுகைக்கு நடுவே வந்த சிரிப்பு. அது ஸ்மிதாவைப் பார்த்துத் திரும்பியது.

"கேட்டா. நானும் சரின்னேன். ஆனா ஆர்டர் குடுத்தவா கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமேன்னு போன் பண்ணினேன். பண்ணினேனா இல்லையா ஸ்மிதா? விரல் வீங்கியிருக்கு, உருட்டறதைப் பாப்பாத்தி பண்ணட்டுமான்னு கேட்டேனா? நீ என்ன சொன்னே? நீயே சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

ஸ்மிதா கடிகாரத்தின் வாரைப் பிடித்துத் திருகினாள்.

"நான் சொல்றேன். அவ கை பட்டதுன்னு தெரிஞ்சா அப்பா வாய்ல வைக்கமாட்டார், வலிச்சா பரவால்ல, கையை நன்னா அலம்பிண்டு நீங்களே பண்ணிடுங்கோன்னே. நீங்க பண்ணினாதான் சுத்தம்னே. சுத்தமாத்தான் பண்ணினேன். ரெண்டு சாப்பிட்டார் உங்கப்பா. நீயேதான் ஊட்டி விட்டே."

மதன் உருண்டு கிடந்த தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

ஸ்மிதா உமாதேவியின் முழங்கையைத் தொட்டு, தொட்டியின் பக்கம் நகர்த்திக்கொண்டுபோனாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது, ஆனால் தடுமாறவில்லை.

"மேடம், இது எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா என் மூஞ்சியிலேயே முழிக்கமாட்டா. ரிப்போர்ட்ல பாப்பாத்தின்னே இருக்கட்டும். அவளுக்கு நானே வக்கீல் வெச்சுத் தரேன். கொஞ்ச நாள்ல பெயில்ல வந்துடுவா. அவாளுக்கெல்லாம் இது பெரிய விஷயம் இல்ல மேடம்."

உமாதேவி பையிலிருந்து அந்தத் தட்டை எடுத்து, ஸ்மிதாவைத் தாண்டி நடந்துபோய், சித்தம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இதை இன்ஸ்பெக்டர்கிட்ட குடுங்க. விரலைக் கீறின டாக்டர் யார்னு சுந்தரியம்மாவே சொல்லுவாங்க. சொல்லலைன்னா அந்த விரலை எப்படிப் பிடிக்கணும்னு இப்போ உங்களுக்குத் தெரியும். போன் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. ஸ்மிதா, உங்க கேஸை நான் எடுத்துக்கலை. வேற ஆளைப் பாருங்க."

"செப்பல் ஹாக்கொள்ளி," என்றாள் சித்தம்மா சுந்தரியிடம், வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் காட்டி. வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பாப்பாத்தி எழுந்தாள். வெகுநேரம் குந்தியிருந்ததில் கால் மரத்துப் போயிருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஒருவரும் அவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அவள் சமையற்கட்டின் நிலைப்படியைத் தாண்டி, இத்தனை வருடத்தில் முதல் முறையாகக் கேட்காமல் உள்ளே வந்து, ஸ்மிதாவுக்கு எதிரே நின்றாள்.

"அம்முணி," என்றாள். குரலில் கோபம் இல்லை. அவள் அதைப் புரிந்துகொள்ள மட்டும் விரும்புகிறவள் போலக் கேட்டாள். "நான் உருட்டியிருந்தா உங்கப்பா இன்னைக்கு இருந்திருப்பாருங்களா?"

பாப்பாத்தி நகராமல், பதில் வரும் என்று நின்றுகொண்டிருந்தாள்.